இரண்டாவது துண்டு

உர்சுலா வாயைத் திறந்தால் யாராவது ஒருவருக்கு முகம் கறுக்கும். தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்வளவு படிப்பு?" என்று கேட்ட பெரியவரிடம், "உங்க மகன் பெயிலானதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று திருப்பிக் கேட்டவள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய லாசரஸின் மகள். அந்த வீட்டில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். மனதில் பட்டதைச் சொல்லாமல் விழுங்குவது கோழைகளின் வேலை என்று அவள் நினைத்திருந்தாள்.

1984 ஜனவரியில் அவளை வேலையில் நிரந்தரமாக்கினார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு, கூடப் படித்த பிரிஜட்டையும் சந்திரமதியையும் ஆர்ச்சர்ட் சாலை ஓட்டல் ஒன்றில் டிம் சம் என்ற சீனப் பலகாரம் சாப்பிடக் கூப்பிட்டாள். அலுவலகச் சீனப் பெண்களோடு இரண்டு முறை அங்கே போயிருந்தாள். மூங்கில் கூடைகளை அடுக்கிய தள்ளுவண்டி வரும். கை காட்டினால் மேசையில் வைப்பார்கள். சின்னச் சின்னத் தட்டு, தட்டுக்கு மூன்று துண்டு.

சந்திரமதி வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அவள் தம்பி வடிவேலுவுக்குத் தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணிக்கான மருத்துவப் பரிசோதனையில் இருதய வால்வு பழுது என்று கண்டுபிடித்திருந்தார்கள். தைப்பூசம் முடிந்த மறுவாரம் ஆபரேஷன். தம்பி பிழைக்க வேண்டும் என்று சந்திரமதி பால்குடம் நேர்ந்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாள். ஒரு வேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை, வெளியே பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

"அங்கே சைவமும் இருக்கு லா. நீ இல்லாம எனக்கு என்ன விருந்து?" என்று உர்சுலா மூன்று நாள் விடாமல் நச்சரித்தாள். தோழியின் முகத்துக்காகச் சந்திரமதி வந்தாள். நெற்றியில் திருநீறும் கழுத்தில் துளசி மாலையுமாக அந்தப் பளபளப்பான கூடத்தில் கூசிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிரிஜட் இறால் கொழுக்கட்டையை ஒரே வாயில் போட்டுக்கொண்டு, "மூணு பேருக்கு மூணு துண்டு. நாம சண்டை போடுவோம்னு தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான்" என்றாள். சந்திரமதி தேநீரைக்கூடத் தொடவில்லை.

அடுத்த வண்டியில் முள்ளங்கிப் பலகாரம் வந்தது. அரிசி மாவில் முள்ளங்கியைத் துருவிப் போட்டு வேகவைத்து, சதுரமாக வெட்டி, லேசாக எண்ணெயில் சிவக்க விட்டது. பார்க்க இட்லியைப் பொரித்தது மாதிரி இருக்கும். உர்சுலா அதைச் சைவம் என்றே நினைத்திருந்தாள். வண்டிக்காரப் பெண்மணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பக்கத்து மேசைக்காரர்கள் முன்னால், ஒன்றும் தெரியாமல் வந்தவள் போலக் கேட்டுக்கொண்டு நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இது உனக்கு. வெறும் முள்ளங்கி, அரிசி மாவு" என்று தட்டை நகர்த்தினாள்.

சந்திரமதி கண்ணை மூடி முருகா என்று சொல்லிக்கொண்டு ஒரு துண்டு சாப்பிட்டாள். முகம் மலர்ந்தது. மூன்று வாரமாக அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தவர் இல்லை. "நல்லாருக்கு உர்சுலா. ஆபரேஷன் முடிஞ்சு தம்பி வந்ததும் கூட்டிட்டு வரணும்" என்று சொல்லி, ஒரு துண்டை அவளுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

உர்சுலா கடித்தாள். பல்லில் எதுவோ தட்டுப்பட்டது. மீதியைப் பிட்டுப் பார்த்தாள். வெள்ளை மாவுக்குள், நகக்கண் அளவில், காய்ந்த இறால்.

தலையை நிமிர்த்தியபோது சந்திரமதியின் கை கடைசித் துண்டை எடுத்துக்கொண்டிருந்தது. சொல்லியிருக்கலாம். தட்டைப் பிடுங்கியிருக்கலாம். ஒரு துண்டு ஏற்கெனவே உள்ளே போய்விட்டதே, இனிச் சொல்லி அழ வைப்பானேன் என்று தோன்றியது. அந்தச் சிரிப்பு அணைந்துவிடுமே என்றும் தோன்றியது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது: சைவம் என்று அடித்துச் சொன்னது தன் வாய்தானே. உர்சுலா கையிலிருந்ததை வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை, கொளுத்தும் தார்ச்சாலையில் சந்திரமதி பால்குடம் சுமந்தாள். உர்சுலா கூடவே நடந்தாள். ஒரு சொட்டுப் பால்கூடச் சிந்தவில்லை.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் வடிவேலு இறந்துபோனான்.

ஆங் மோ கியோ அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்த அவனை ஆண்கள் மவுண்ட் வெர்னன் தகனச்சாலைக்கு எடுத்துப் போன பிறகு, பெண்கள் மேலே வந்து வீட்டைக் கழுவிவிட்டார்கள். தாயார் பூவம்மா ஈரத்தரையிலேயே உட்கார்ந்து மகளைப் பார்த்து அரற்றினாள். "நீ விரதத்துல என்னமோ குறை வச்சுட்டடி. இல்லாட்டி முருகன் ஏன் என் புள்ளையக் கொண்டுட்டுப் போறான்?" விடிந்ததிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். சந்திரமதி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உர்சுலாவைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"ஒவ்வொரு நாளா எண்ணிப் பாத்துட்டேன். ஒரு தப்பும் பண்ணல. வெளிய கைய நனைச்சது அன்னைக்கு உன்கூட மட்டுந்தான். அது சைவந்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். டாக்டர் சொன்ன காரணம் உர்சுலாவுக்குத் தெரியும். நகக்கண் அளவு இறால் எந்த இருதயத்தையும் நிறுத்தாது. இதை வைத்து அவள் ஒரு மணி நேரம் வாதாடுவாள். ஆனால் எதிரில் நின்றவள் கேட்டது டாக்டர் சொன்ன காரணத்தை அல்ல.

"இல்ல. காஞ்ச இறால் இருந்துச்சு."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீ ரெண்டாவது துண்டு எடுக்கறப்ப."

உர்சுலா அடிக்காகக் காத்திருந்தாள். திட்டினாலும் தாங்கிக்கொள்வாள், திட்டு அவளுக்குப் பழகிய பாஷை. சந்திரமதி குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"அம்மாட்ட சொல்லாத" என்றாள், திரும்பாமல். "அது உனக்கும் சேத்துத்தான் விளக்கு ஏத்துச்சு, வேலை கிடைக்கணும்னு. நீ வீட்டுக்குப் போ. இனிமே வராத."

கூடத்தில் உட்கார்ந்திருந்த பிரிஜட்டிடம்கூடச் சொல்லாமல் உர்சுலா வெளியே வந்தாள். பொது நடைபாதையில் ஆறு வீடு தாண்டி மின்தூக்கி. பொத்தானை அழுத்திவிட்டு நின்றாள். திறந்திருந்த கதவு வழியாகப் பூவம்மாவின் குரல் மறுபடி எழுந்தது, அதே கேள்வியோடு. இந்த முறை சந்திரமதி பதில் சொன்னாள்.

"ஆமாம்மா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்."

அதற்குப் பிறகு கன்னத்தில் அறை விழும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று. யாரோ பெண்கள் விலக்கிவிட்டார்கள்.

மின்தூக்கி வந்து கதவு திறந்தது. ஆறே வீடுதான், ஓடினால் பத்து நொடி. நான்தான் கொடுத்தேன் அம்மா என்று சொன்னால் முடிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக உர்சுலாவுக்கு, சொல்வது தைரியமா சொல்லாமலிருப்பது தைரியமா என்று தெரியவில்லை. கதவு மூடப்போனது. அவள் மின்தூக்கிக்குள்ளே கால் வைத்தாள்.