தோராவின் புருஷன்

தேயிலை கிள்ளுகிற பொம்பளைகள் இங்கிலாந்து நாடகம் எதற்குப் பார்க்கிறார்கள் என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொரியா நாடகம் பார்த்தால் ஒருவரும் கேட்பதில்லை. இந்தியாவிலிருந்து வரும் சீரியலில் மாமியாரும் மருமகளும் பட்டுச்சேலையோடு படுக்கப் போவதை வருடக்கணக்காகப் பார்த்தாலும் கேட்பதில்லை. நாங்கள் ‘ஸ்டோன்பெக்’ பார்த்தால் மட்டும் எல்லாருக்கும் காரணம் வேண்டும்.

காரணம் மழைதான், போங்கள். அது ஐம்பது வருடத்துக்கு முந்திய தொடர். மலையில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு பஸ் டிப்போ. எந்நேரமும் மழையும் பனிமூட்டமும். உள்ளே வருகிறவர்கள் ஈரக் கோட்டை உதறி ஆணியில் மாட்டுகிறார்கள், கேத்தலை அடுப்பில் வைக்கிறார்கள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசுகிறார்கள். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, எங்கள் ஊர் மழையை டிவியில் காட்டியது அந்த நாடகம் ஒன்றுதான். கதாநாயகி தோரா, பஸ் கொண்டக்டர், சரியான வாய்க்காரி. எங்களுக்குப் பிடிக்காமல் போகுமா?

இதை எங்களுக்குக் கொண்டுவந்தது ஜீவராணி அக்கா. துபாயில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சமைத்துப் போட்டவள். அந்த வீட்டம்மா பழைய தொடர்களைப் போட்டுப் பார்க்கும்போது பக்கத்தில் நின்று துணி அயர்ன் பண்ணியவள். ஊருக்குத் திரும்பியதும் ஃபோன் கடை ஜமால்தீன் நானாவிடம் சொல்லி, கிடைத்த பாகங்களை ஒரு பென் டிரைவில் போட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நானும் லெட்சுமியும் மீனம்மாவும் நிலக்ஷியும் அவள் வீட்டில் கூடுவோம். எங்களுக்கு இங்கிலீஷ் ஓடாது. அக்கா டிவிக்குப் பக்கத்தில் நின்று, தனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்லுவாள். திங்கட்கிழமை கொழுந்து எடுக்கும்போது அதே கதையை மலை முழுக்கக் கேட்கிற மாதிரி மறுபடி சொல்லுவாள். அதட்ட வருகிற கங்காணியும் பாதிக் கதையில் நின்றுவிடுவார்.

தோராவின் புருஷன் யார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. டிப்போவில் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள், ஒரே ஒரு ட்ரைவரின் பேரை மட்டும் சொல்ல மாட்டாள். அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் சுவரைப் பார்த்துச் சொல்லுவாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பொம்பளை புருஷன் பேரைச் சொல்லுகிறாள்? ‘இந்தா’ என்போம், ‘பிள்ளைகளோட அப்பா’ என்போம். கோபம் வந்துவிட்டால் பேச்சு சுவரோடுதான். ஆக, அவன்தான் புருஷன். அப்படியானால் ஏன் தனித்தனி வீட்டுக்குப் போகிறார்கள் என்று நிலக்ஷி ஒருநாள் கேட்டாள். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டோடு இருக்கிறாள் என்று அக்கா அடித்துச் சொல்லிவிட்டாள். அவர்கள் சேர வேண்டும் என்று மீனம்மா கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தாள். என்ன பேருக்கு என்று ஐயர் கேட்டதற்கு, தோரா என்று தயங்காமல் சொன்னாளாம்.

ஹட்டனில் பழைய ஆங்கிலத் தொடர் ரசிகர்கள் ஒன்றுகூடுகிறார்கள் என்று ஜமால்தீன் நானாதான் தகவல் சொன்னார். வருகிறவர்கள் ஆளுக்கொரு தொடரிலிருந்து தங்களுக்குப் பிடித்த கட்டத்தை மேடையில் சொல்லலாம். ஜீவராணி அக்கா உடனே பேர் கொடுத்தாள். மலையில் கத்திச் சொன்னதை ஒரு தரமாவது மண்டபத்தில், கதை கேட்க வந்தவர்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. அவளுடைய புருஷன் மாயாண்டி, இந்த வயதில் உனக்கு மேடை ஒரு கேடா என்று வாசலில் நின்று சிரித்தார். அவள் சோறு அடுப்பில் இருக்கிறது என்று சுவருக்குச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

மண்டப வாசலில் எங்கள் ஐந்து பேரையும் பிடித்துக்கொண்டார் யோகேஸ்வரன். நிகழ்ச்சியை நடத்துகிறவர், படித்த பிள்ளை, எங்கள் பக்கத்துத் தோட்டம்தான். தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குப் போகிற உடுப்போடு வந்திருக்கலாமே என்றார். கெமராவை ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். துரைமார் காலத்துக் கொடுமை, இன்றைய சம்பளம், லயத்துக் கூரை ஒழுகுவது, இதையெல்லாம் அக்கா பேச வேண்டுமாம்.

“நான் கஷ்டம் சொல்ல வரல தம்பி,” என்றாள் ஜீவராணி அக்கா. “எனக்குப் புடிச்ச கட்டத்தைச் சொல்ல வந்திருக்கேன்.”

அதையும் சொல்லுங்கள் என்று அவர் சிரித்தார். அந்த ‘அதையும்’ எனக்குச் சுருக்கென்று குத்தியது. அக்காவுக்கு முன்னால் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஏதோ நகைச்சுவைத் தொடரைப் பற்றிப் பேசினார். நுவரெலியாவில் ஹோட்டல் வைத்திருப்பவர் துப்பறியும் தொடரைப் பற்றிப் பேசினார். அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா மேடை ஏறினாள். ராத்திரி நேரம், பனிமூட்டம், செங்குத்தான இறக்கத்தில் தோராவின் பஸ். முன்விளக்கு எரியவில்லை. ஒரு பக்கம் பள்ளம். தோரா டோர்ச்சை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள். பஸ்ஸுக்கு முன்னால் நடக்கிறாள். ட்ரைவர் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே மெல்ல மெல்ல வருகிறான். ஒருமுறைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு போன பெண்சாதி புருஷனுக்கு வழி காட்டுகிறாள் என்று அக்கா சொன்னபோது, முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. பிறகு மண்டபமே சிரித்தது.

இல்மா என்ற டீச்சர் எழுந்தார். அவரும் ஸ்டோன்பெக் ரசிகைதான், கேலி செய்கிறவரும் இல்லை. அந்த ட்ரைவர் புருஷன் இல்லை என்றார். எங்களுக்குக் கிடைக்காத முதல் பாகத்தில் டிப்போவில் ஸ்ட்ரைக் நடந்ததாம். எல்லாரும் வெளியே நிற்க, இவன் மட்டும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போனானாம். அன்றிலிருந்து உன் பேர் என் வாயில் வராது என்று தோரா சத்தியம் செய்தாளாம்.

மீனம்மா என் கையைப் பிடித்தாள். யோகேஸ்வரன் மைக்கை வாங்கிக்கொள்ள மேடைக்குப் போனார், பாவம் என்கிற முகத்தோடு. வா அக்கா, வீட்டுக்குப் போவோம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு. ஜீவராணி அக்கா மைக்கைக் கொடுக்கவில்லை. டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“சரிங்க டீச்சர், அவன் கருங்காலின்னே வச்சுக்குவோம்,” என்றாள். “ஏன், கருங்காலி புருஷனா இருக்க மாட்டானா?”

சிரிப்பு நின்றுவிட்டது. யாரை நினைத்துச் சொல்லுகிறாள் என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். சம்பளம் கேட்டுத் தோட்டமே வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தபோது, ஃபெக்டரிக்குப் பின்வழியால் வேலைக்குப் போனவர் மாயாண்டி. எங்கள் லயத்தில் அது தெரியாதவர்கள் இல்லை. அதை அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் இல்லை.

யோகேஸ்வரன் மோப்பம் பிடித்துவிட்டார். கெமராக்காரருக்குச் சைகை காட்டினார். மெதுவாக, ரொம்பப் பாசமாக, அக்காவின் சொந்த வாழ்க்கையில் அப்படி ஏதும் நடந்திருக்கிறதா, இந்தச் சபைக்குக் கொஞ்சம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அது என் வீட்டுச் சமாச்சாரம். உங்களுக்கு நான் சொல்ல வந்தது தோரா கதை. போய் உக்காருங்க தம்பி.”

அவர் உட்கார்ந்தார். உட்காராமல் என்ன செய்வார்? அந்தக் குரலுக்குக் கங்காணியே நின்றுவிடுவார்.

அவள் அந்தக் கட்டத்தை முதலிலிருந்து மறுபடி சொன்னாள். அதே இறக்கம், அதே பள்ளம், அதே டோர்ச். இந்தத் தடவை தோரா இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னால் வருகிறவன் செய்தது ஒவ்வொன்றும் நினைவில் வர, கால் வழுக்க வழுக்க நடந்தாள். டோர்ச்சை அணைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றால் போதும், பஸ் பள்ளத்துக்குள் போய்விடும் என்று அக்கா சொன்னபோது, டீச்சர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

“அவ அணைக்கல. அவனை மன்னிச்சிட்டான்னு நெனைக்காதீங்க. மன்னிக்கவே இல்ல. கடைசி வரைக்கும் பேரும் சொல்லல,” என்றாள் அக்கா. “பஸ்ஸுக்குள்ள சனம் இருந்துச்சு. புள்ளைக தூங்கிக்கிட்டு இருந்துச்சு. அதுக்காகத்தான் நடந்தா.”

மைக்கை மேசையில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள். கை தட்டலாமா கூடாதா என்று மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் எழுந்து நின்று தட்டினோம்.