அவசரம் அழைக்கிறது

எங்கள் வீட்டுக் கணினி மனிதனாக இருந்திருந்தால் என்றைக்கோ கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். வரைபடத்தில் ஒரு சுவரை நகர்த்துவதற்குள் திரை மூலையில் பெட்டி முளைக்கும்: ‘உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது!’ போன வாரம் அதே ஆபத்தைத் தீர்க்கவென்று ஏற்றிய காவல் மென்பொருளே இப்போது ஆபத்து என்று இன்னொரு பெட்டி சொல்லும். திருடன் யார், காவல்காரன் யார் என்று எனக்குப் புரியவே இல்லை. நான் வீடுகளுக்கு வரைபடம் போடுகிறவன். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று சொல்லத் தெரியும். இந்த இயந்திரத்துக்குள் எத்தனை கதவு திறந்து கிடக்கிறதோ, யார் கண்டது?

அணைத்துப் போடலாமென்றால் மனைவி விடமாட்டாள்.

“அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது, அணைக்காதீங்க.”

காரணம் சொல்லமாட்டாள். எனக்குத் தெரியும். மகள் என்றைக்காவது முகம் பார்த்துப் பேச வந்தால் இதில்தான் வருவாள்.

மகளுக்கு வீட்டில் பெயர் ‘அவசரம்’. மருத்துவர் கையுறை மாட்டுவதற்குள் பிறந்துவிட்டவள். அந்தக் குணம் போகவில்லை. நல்ல வங்கி வேலையை ஒரே மாலையில் உதறிவிட்டு, எங்கோ தூரத்து ஊரில் நாய்களுக்கு முடிவெட்டும் கடை திறந்துவிட்டாள். “இனிமே நீ யாரோ, நான் யாரோ” என்று அன்றைக்கு அவள் அம்மா கத்தினாள். அதோடு பேச்சு நின்றது. கத்தியவள்தான் இப்போது கணினியை அணையாமல் காக்கிறாள்.

இன்று காலை ஒரு மாடிப்படியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ‘அவசரம்: உடனே புதுப்பிக்கவும்.’ மூடினேன். ‘அவசரம்: உங்கள் கடவுச்சொல் களவு போயிருக்கலாம்.’ மூடினேன். ‘அவசரம் உங்களை அழைக்கிறது.’

“அழைச்சா உடனே ஓடி வந்துடணுமா?” என்று திட்டிக்கொண்டே அதையும் மூடினேன்.

துணி உலர்த்தப் போன மனைவி ஈரத்துணியோடு நின்றாள். “யாரைத் திட்டுறீங்க?”

“வேற யாரை? அவசரம் அழைக்குதாம், அவசரம்!”

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. கணினியில் மகளை அந்தப் பெயரில் பதிந்து வைத்ததே நான்தான்.

“அடப் பாவி மனுஷா! குழந்தை கூப்பிட்டிருக்கா!”

திருப்பி அழைக்கப் போனேன். ‘ரத்து செய்ததை ரத்து செய்யவா?’ என்று கேட்டது. கீழே ‘சரி’, ‘ரத்து’. எது சரி, எது ரத்து? தலை சுற்றியது. கைபேசியில் கூப்பிட்டுப் பார்த்தேன். வேறு அழைப்பில் இருக்கிறாளாம்.

“ஏதாவது அமுக்குங்களேன்!”

“எதைன்னு சொல்லித் தொலையேன்!”

அதற்குள் கணினியில் மணி ஒலித்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பெட்டிகள், மூன்றிலும் அவசரம். மகளா, திருடனா? நிஜமாகவே பயமாக இருந்தது. திருடன் வந்தாலும் வரட்டும் என்று எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

மகள் தெரிந்தாள். சட்டையெல்லாம் நாய்முடி. “அம்மா” என்று அவள் வாயெடுப்பதற்குள் அவள் முகத்தின் மேலேயே ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது.

‘இவர் உங்களுக்குத் தெரிந்தவரா? ஆம். இல்லை.’

என் கை பழக்கதோஷத்தில் மூடுவதற்குப் போனது. மனைவி அதைத் தட்டிவிட்டு, ஈரக்கையாலேயே மவுஸைப் பிடுங்கிக்கொண்டாள். அழுதபடியே அந்த ‘ஆம்’ஐ அமுக்கினாள். பெட்டி போன பிறகும் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.