கொதித்த பாயசம்

1

இந்தக் கதை என் விரலில் ஆரம்பித்தது. நகச்சுற்று. எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் மாட்டிக்கொண்டு உத்திரமேரூர் டாக்டரம்மாவிடம் போனேன்.

"ஆறுற வரைக்கும் சமைக்காதீங்கம்மா."

"கொதிச்சா கிருமி செத்துடாதா?"

"கிருமி சாகும். அது கக்கி வெச்ச விஷம் சாகாது."

வீடு திரும்புவதற்குள், இனி எழுதப்போகும் கதையின் சுகிர்தா பேசுவது கேட்டுவிட்டது. எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும், முகமெல்லாம் அப்புறம்தான்.

2

முதல் தொடக்கம்: காவாந்தண்டலத்தில் ஒருவன் ஆணியை மிதித்தான். கிருமி காயத்திலேயே தங்கி, விஷத்தை மட்டும் நரம்பு வழியே அனுப்ப, அவன் தாடை இறுகி...

வேண்டாம். தாடை இறுகியவன் எப்படிப் பேசுவான்?

அடுத்தது: காலரா. [அதன் விஷம் குடலைத் தின்பதில்லை. குழாயைத் திறந்துவிட்டு மூடாமல் போகிறவனைப் போல, உடம்பின் தண்ணீரையெல்லாம் வெளியே விடும்.] அதற்கு ஒரு ஊரே படுக்க வேண்டும். அத்தனை பேரை இந்த வயதில் என்னால் பார்த்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது விஷம், சாப்பாட்டிலேயே தயாராகக் காத்திருப்பது. அதற்கு இரண்டு பேர் போதும்.

3

சுகிர்தாவுக்கும் நகச்சுற்றுதான். நடவு ஆட்களுக்காக நேற்று மாலையே பால் பாயசம் செய்தாள். இறக்கிய பிறகு, எலுமிச்சம்பழத்தைக் கழற்றிவிட்டு முந்திரியைக் கையாலேயே கிள்ளிப் போட்டாள். குண்டான் இரவெல்லாம் அப்படியே இருந்தது. காலையில் கணவன் ஜான்சன் இரண்டு டம்ளர் குடித்தான். இப்போது வேலியோரம் குனிந்து நிற்கிறான். அவள் மிச்சத்தைக் கொதிக்க வைக்கிறாள்.

"இன்னாய்யா, நேத்து ஊத்திக்கினியா?"

"சத்தியமா இல்ல சுகிர்தா. ஈஸ்டர்லேர்ந்து தொடல."

"வாந்தி எடுத்துக்கினே சத்தியம் பண்றான் பாரு!"

"பாயசந்தான் குட்ச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு…"

"என் பாயசத்து மேல பழி போடாத. மோந்து பாரு, வாட கீதா? இப்ப தளதளன்னு கொதிக்குது. பூச்சி எதுனா உசுரோட கீதா சொல்லு!"

"ஒண்ணும் இருக்காது. ஆனா நடவு ஆளுங்களுக்கு ஊத்தாத."

4

அவளைச் சந்தேகக்காரியாக எழுதிவிட்டேனோ? இல்லை. ஈஸ்டரிலிருந்து தினமும் அவன் மூச்சை மோந்து சந்தோஷப்பட்டவள். அந்தச் சந்தோஷம் போய்விட்டதென்று நினைக்கிறாள், அதனால்தான் கத்துகிறாள். பாயசத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டே ருசியையும் விட்டுக்கொடுக்காத ஜான்சனை எனக்குப் பிடித்திருக்கிறது.

5

முடிவு ஒன்று: வரப்பில் பெண்கள் டம்ளர் நீட்டுகிறார்கள். சுகிர்தா கரண்டியை... [எழுத மாட்டேன். நடவு ஆட்களில் மூத்தவள் சிட்டம்மாளுக்கு எழுபது வயது. வாந்தியைத் தாங்க மாட்டாள்.]

முடிவு இரண்டு: சுகிர்தா ஜான்சன் முகத்தருகே குனிந்து மோந்து பார்க்கிறாள். சாராய வாடை இல்லை. நிமிர்ந்து தன் விரலைப் பார்க்கிறாள். பிறகு குண்டானை...

இங்கேதான் நிற்கிறேன். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும். நான் கத்தினால் அவர்களுக்குக் கேட்பதில்லை. வாசலில் சிட்டம்மாள் கூப்பிடுகிறாள்: "சுகிர்தா, பாயசம் வருதா இல்லியா?"

கொட்டிவிடலாம் என்றால் குண்டான் கனம். அவள் விரல் புண், அவனுக்கோ நிற்கவே தெம்பில்லை, என் விரலில் எலுமிச்சம்பழம்.

கொஞ்சம் அந்தப் பக்கம் பிடியுங்கள்.