வெள்ளைப் பெயின்ட் எண்கள்

மர அறுவை மில்லுக்குப் பின்னால் இருந்த புல்வெளியில் முழங்கால் உயரக் கற்கள் முப்பதுக்கும் மேல் நின்றன. எதிலும் எழுத்து கிடையாது. உழவுக்கு இடைஞ்சல் என்று யாரோ பொறுக்கிப் போட்டவை என்றே ஊர் நினைத்திருந்தது. பொறுக்கிப் போட்ட கற்கள் வரிசையாக நிற்பதில்லை. எல்லாம் ஒரே திசையைப் பார்ப்பதுமில்லை. மில் முதலாளியின் தங்கைக்கு இது பார்த்த மாத்திரத்தில் புரிந்தது. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் அவர்.

ஊரின் நூற்றாண்டு விழாக் குழுவுக்கு அண்ணன்தான் தலைவர். ஊர் வரலாற்றை எழுதும் பொறுப்பைத் தங்கையிடம் கொடுத்தவரும் அவரே. முதல் அத்தியாயம் மட்டும் முன்பே முடிவாகியிருந்தது: பட்டாவோடு வந்து ஊரை உண்டாக்கிய ஏழு குடும்பங்கள். அதில் முதலாவது அவர்களுடையது.

கற்களைக் காட்டிக்கொடுத்தவர் டிராக்டர் மெக்கானிக். ஊரில் அவரை ஸ்பேனர் என்றால்தான் தெரியும்.

"பட்டாக்காரங்க வர்றதுக்கு முன்னாடி காட்டை வெட்டினது யாரு மேடம்? மரமெல்லாம் தானா படுத்துக்கிச்சா? எங்க ஆளுங்க இங்கதான் கிடக்கறாங்க. எங்கப்பா சாகற வரைக்கும் சொன்னாரு. எவன் காதுல வாங்கினான்?"

விழாவுக்கு வரும் வண்டிகளை அந்தப் புல்வெளியில் நிறுத்துவதாகக் குழுவில் பேச்சு. அது இடுகாடு என்று அளந்து காட்டிவிட்டால் யாரும் கை வைக்க முடியாது. முதல் அத்தியாயமும் மாறும். தங்கை ஒவ்வொரு கல்லிலும் வெள்ளைப் பெயின்டால் எண் எழுதினார். முதலில் எண், பிறகு அளவு. அவர் தொழிலில் அதுதான் முறை. அளக்கும் கருவியை இரவல் வாங்க நகரத்துக்குப் போனார். பழுதுபார்க்கப் போயிருந்த கருவி திரும்பி வரும் வரை அங்கேயே தங்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது நாற்சந்தியில் புதிதாக ஒரு நூற்றாண்டு நினைவுத் தூண் நின்றது. புல்வெளிக் கற்கள், கீழிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. கொத்தனார் வரிசை மாறாமல் அடுக்கியிருந்தார்.

"வாம்மா, வா!" அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "நீ நம்பர் போட்டு வச்சது எவ்வளவு சௌகரியமாப் போச்சு தெரியுமா? கொத்தனார் கண்ணை மூடிக்கிட்டுக் கட்டிட்டாரு."

"அது கட்டறதுக்குப் போட்ட நம்பர் இல்லண்ணா."

"பின்ன, கல்லுக்கெல்லாம் ஹாஜர் எடுத்தியா?"

"ஒவ்வொரு கல்லுக்குக் கீழயும் ஒரு ஆள் இருக்காங்க."

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அப்படியா? எங்கன்னு காட்டு. வேலி போட்டுடலாம்."

புல்வெளியில் சரளை கொட்டி, ரோலர் ஓட்டி முடித்திருந்தார்கள். எங்கே என்று காட்ட முடியாது. அது தெரிந்துதான் அண்ணன் கேட்டார்.

தூணருகே மெக்கானிக் நின்றிருந்தார். பளிங்குப் பலகையில் ஏழு குடும்பங்களின் பெயர்கள் பொன்னிறத்தில் மின்னின. மேலிருந்து கீழாக வாசித்தவர், மறுபடியும் மேலிருந்து தொடங்கினார்.

"கல்லையெல்லாம் யார் ஏத்திட்டு வந்தது?" என்று கேட்டார் தங்கை.

"நான்தான். வேற எவனையும் தொட விடல. உங்க நம்பரைப் பாத்தேன். தூண்ல எங்க ஆளுங்களையும் சேத்துட்டீங்கன்னு நினைச்சு, கைக்குழந்தையைத் தூக்கற மாதிரி ஒவ்வொண்ணாத் தூக்கி வச்சேன் மேடம்."

அண்ணன் அதற்குள் பெயின்ட் அழிக்கும் தின்னரும் பழந்துணியும் கொண்டுவந்து தங்கை கையில் திணித்தார். "போட்டோவுல அசிங்கமாத் தெரியும். நீ எழுதினது, நீயே துடைச்சுடு."

தங்கை குனிந்தபோது மெக்கானிக் துணியைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க. பேருதான் போடல. நம்பராவது இருந்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டுப் போனவர் விழாவுக்கு வரவில்லை. தங்கை துடைக்கவில்லை. அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை; விழா நாள் காலையில் குழுக்காரர்கள் பூந்தொட்டிகளை அடுக்கியும் துணி சுற்றியும் எண்களை மறைத்தார்கள்.

தூணில் பதினெட்டுக்கு மேல் இருபது இருந்ததை, அவர்கள் துணி சுற்றும்போதுதான் தங்கை கவனித்தார். பத்தொன்பது, புல்வெளியில் ஒரு பெரிய கல்லை ஒட்டி நின்ற சின்னக் கல். தூணில் பொருந்தாததால் மேடைக்குப் படியாகப் போட்டிருந்தார்கள். முந்தின இரவு மழை பெய்திருந்தது. சிறப்பு விருந்தினர் செருப்புச் சேற்றை அதில் நன்றாகத் தேய்த்துவிட்டு மேலே ஏறினார். அவருக்குப் பின்னால் ஏழு குடும்பத்தாரும் ஏறினார்கள்.

நல்ல பெயின்ட். அழியவில்லை.