அடித்துவிட்ட விடை

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர்கள். மதியத்துக்குள் ஆளுக்கு நாற்பது தாள் முடிக்க வேண்டும். அண்ணி முப்பத்தெட்டில் இருந்தாள். நாத்தனார் இருபத்தொன்றாவது தாளிலேயே நின்றுவிட்டாள்.

"என்னடி, ஒரே பக்கத்தை முறைச்சுக்கிட்டு இருக்க? லவ் லெட்டரா?"

"ஏழாவது கேள்வியைப் பாருங்க அண்ணி. சரியான விடையை எழுதிட்டு, அதையே அடிச்சு வச்சிருக்கு இந்தப் பிள்ளை."

"அடிச்ச விடைக்கு மார்க் கிடையாது. முட்டை போட்டுட்டு அடுத்ததை எடு."

"முட்டை போட்டா மொத்தம் முப்பத்திநாலு. பாஸுக்கு நாற்பது வேணும்."

கேள்வி இதுதான்: அசையாமல் இருக்கும் 800 அலகு நிறையுள்ள துகள் ஒன்று சிதைந்து, 500, 400 அலகு நிறையுள்ள இரண்டு துகள்களாகிறது. ஒவ்வொன்றின் ஆற்றல் என்ன? நிறைக்கும் ஆற்றலுக்கும் ஒரே அலகு.

சிதைவுக்கு முன்னும் பின்னும் மொத்த ஆற்றலும் மொத்த உந்தமும் மாறாது என்று வைத்துக் கணக்குப் போட்டால் 456.25, 343.75 என்று வரும். விடைக்குறிப்பிலும் அதுதான். கூட்டினால் கச்சிதமாக 800. இந்தப் பிள்ளையும் அதையே போட்டு, குறுக்கே இரண்டு கோடு இழுத்திருந்தது. கீழே நாலு வரி:

'500 நிறையுள்ள துகள் சும்மா நின்றாலே அதனிடம் 500 ஆற்றல் இருக்க வேண்டும். ஓடினால் இன்னும் கூடும். 456.25 எப்படி? இரண்டும் நிற்பதற்கே 900 வேண்டும். தாய்த் துகளிடம் இருப்பது 800. ஆகவே இந்தச் சிதைவு நடக்காது.'

அண்ணி படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"அடக் கடவுளே! காலையிலிருந்து எத்தனை பேருக்குப் பத்துக்குப் பத்து அள்ளிக் கொடுத்திருக்கேன்!"

"நானும்தான். கூட்டினா எண்ணூறு வருதுன்னு கண்ணை மூடிக்கிட்டு டிக் போட்டோம்."

"கேள்வி போட்டது யாருன்னு தெரியுமில்ல?" அண்ணி தலைமைத் தேர்வாளரின் மேசையைக் கண்ணால் காட்டினாள். கூடத்தில் அவருக்குக் 'கறார்' என்று பெயர். குறிப்பில் இல்லாததற்கு அரை மார்க் போட்டாலும் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்பார். "போகாதடி, கடிச்சுக் குதறிடுவாரு."

"போகலேன்னா இந்தப் பிள்ளை பெயில், அண்ணி."

"சரி நட, நானும் வரேன். உன்னைத் தனியா விட்டேன்னு தெரிஞ்சா உங்கண்ணன் என்னைத்தான் பிடிப்பாரு."

கறார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "என்னம்மா, குடும்பத்தோட வந்திருக்கீங்க?" தாளைப் பார்த்தார். "அடிச்ச விடை. பூஜ்யம். இதைக் கேக்க ரெண்டு பேரா?"

"அந்த விடைக்கு மார்க் கேக்கல சார். அதை அடிச்சதுக்குக் கேக்கறேன்."

"விடை சரிம்மா. நானே போட்டுப் பார்த்தது. கூட்டிப் பாருங்க."

"உந்தம் எவ்வளவு சார் வருது?"

"கேள்வில அதைக் கேக்கலையே!"

"கேக்கல. போட்டுப் பாருங்களேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஒரு தாளை இழுத்தார். ஆற்றலின் வர்க்கத்திலிருந்து நிறையின் வர்க்கத்தைக் கழித்தால் உந்தத்தின் வர்க்கம். கழித்தார். மைனஸில் வந்தது. மற்றதற்கும் போட்டார். அதே எண், அதே மைனஸ். ஓர் எண்ணின் வர்க்கம் மைனஸில் வராது; எந்தத் துகளுக்கும் அப்படி வர வழியில்லை.

"போன வருஷம் தாய்த் துகளோட நிறை ஆயிரம்னு இருந்தது," என்றார், குரல் இறங்கி. "பழைய கேள்வின்னு பேச்சு வரக் கூடாதேன்னு எண்ணூறா மாத்தினேன்."

அண்ணி வாயைத் திறந்தாள். நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

அவர் இவர்களைக் கவனிக்கவில்லை. அந்த நாலு வரியில் இருந்தார். "கையில வந்த பத்து மார்க்கை வேணாம்னு அடிச்சிருக்கே! பரீட்சை நேரத்துல, கேள்வித்தாளையே எதிர்த்து! என்ன நெஞ்சழுத்தம்மா இது! எனக்கு வந்திருக்குமா?"

"எங்களுக்கும் வரல சார்."

"யாரு இது?"

"எண் மட்டும்தான் இருக்கு. பேரை மூடி ஒட்டியிருக்காங்க."

தானே பத்து போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு எழுந்து மேசையைத் தட்டினார்.

"எல்லாரும் கேளுங்க. ஏழாவது கேள்வி தப்பு. போட்டது நான்தான். குறிப்புப்படி போட்ட மார்க் அப்படியே இருக்கட்டும். நடக்காதுன்னு யாராவது எழுதியிருந்தா முழுசாப் பத்து."

"அப்படிக்கூட எழுதியிருக்காங்களா சார்?" என்றது ஒரு குரல்.

"ஒருத்தர் எழுதியிருக்கார். கேளுங்க."

தாளை உயர்த்திப் பிடித்துப் படிக்கத் தொடங்கினார். இரண்டாவது வரியில், முன்மேசைக்காரர் பேனாவைத் திறந்தார்.

"கொஞ்சம் மெதுவா சார். எழுதிக்கறேன்."