சேமியாவின் நான்காவது பயம்

இந்த நாட்டுக்குள் ஒரு வளர்ப்பு விலங்கைக் கொண்டுவந்தால், அது எதற்கெல்லாம் பயப்படுமோ அவற்றையும் கூடவே கொண்டுவர வேண்டும். பழைய பயங்களைப் பிரிந்து வரும் விலங்கு கொஞ்ச நாளில் தான் யாருடையது என்பதையும் மறந்துவிடும். அதனால் இந்த விதி. நியாயமான விதிதான்.

என் நாய் சேமியாவுக்கு மூன்று பயங்கள். மிக்ஸி, விரித்த குடை, கீழ்வீட்டு மாமாவின் தும்மல். மிக்ஸியையும் குடையையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன். நான் கிளம்பிய அன்று காலை மாமா வந்து ஓர் எவர்சில்வர் தூக்கில் தும்மிக் கொடுத்தார். அம்மா அதை இறுக மூடித் துணி கட்டினாள்.

வந்திறங்கிய விமான நிலையத்தில் கால்நடை மருத்துவர் மிக்ஸியை ஓடவிட்டார். சேமியா என் கால்களுக்கிடையில் புகுந்தது. குடையை விரித்தார். தூக்கைத் திறந்தார். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு சேமியாவின் நெஞ்சில் காதை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, நிமிர்ந்து ஏதோ சொன்னார்.

மொழிபெயர்க்க வந்த எஸ்தர் அக்காவுக்குச் சொந்த ஊர் நம் தெற்கே நாசரேத் பக்கம். "இன்னொண்ணு இருக்காம்மா. பூச்சாண்டியாம். அவரை எங்க?" என்றார்.

"அம்மா சோறு வைக்கும்போது சொல்லுவாங்க. சாப்பிடலேன்னா பூச்சாண்டி வந்துடுவான்னு."

"நாய்க்குமா?"

"எனக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு."

"நல்லாருக்கு. எங்க ஊர்ல சாக்குக்காரன்னு சொல்லுவோம். எங்க பூனையோட வந்தாரு. இப்பம் துறைமுகத்துல மூட்டை தூக்குதாரு. ஒரு தொந்தரவு கிடையாது."

கவுண்டர் மூடுவதற்குள் பூச்சாண்டி வராவிட்டால் சேமியா கண்ணாடி அறைக்குப் போக வேண்டும். அந்த அறை என் வலப்பக்கம் இருந்தது. உள்ளே நாய்கள் சுவரைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தன. வெளியே நின்ற ஒருவர் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அத்தனை நாய்களும் ஒன்றாகத் திரும்பி அவரைப் பார்த்தன. மறுபடி சுவரைப் பார்த்தன. எதுவும் வாலாட்டவில்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன்.

"யாராவது சாப்பிட மாட்டேன்னு சொன்னாத்தானேடி அவன் வருவான்," என்றாள் அம்மா. "சேமியாவுக்கு ஏதாவது குடுத்துப் பாரு."

எஸ்தர் அக்கா தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதித் தயிர்சாதத்தைக் கீழே வைத்தார். விமானத்தில் பட்டினி கிடந்த சேமியா அதைத் தரை தெரிய நக்கியது.

"இது சரிப்படாது. நீதாம்மா," என்று மீதியை எடுத்து என் வாயருகே நீட்டினார்.

எனக்கும் பசித்தது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா தொண்டையைச் செருமினாள். பல வருடங்களாக நான் கேட்காத ஒரு குரலில், மெதுவாகச் சொன்னாள்.

"சாப்பிட்டுடு கண்ணு. இல்லேன்னா பூச்சாண்டி வந்துடுவான்."

பயணிகள் வரும் கதவு திறந்தது. அவரால் நன்றாகக் குனிந்துதான் உள்ளே வர முடிந்தது. கையில் ஒரு தோல் பெட்டி. சேமியா நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. மருத்துவர் தலையசைத்து முத்திரை குத்தினார்.

"எல்லாம் முடிஞ்சுது. மூணு பேரும் பாத்துப் போங்க," என்றார் எஸ்தர் அக்கா.

டாக்ஸியில் பூச்சாண்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார். சேமியா கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு என் மடியில் தூங்கிப்போனது. அதன் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். தூக்கத்திலேயே வாலை ஆட்டியது.

பாலத்தைத் தாண்டியதும் அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே என் பெயர் வெட்டிய சின்னத் தட்டு இருந்தது. சிறுவயதில் நான் வேண்டாம் என்று சொன்ன பருப்புச்சோறு அத்தனையும் அதில் குவிந்திருந்தது. இன்னும் ஆவி பறந்தது.

அவர் ஒரு வாய் உருட்டினார். நான் வாயைத் திறந்தேன்.