தொப்பியும் ஒரு துப்பு

"இறங்கும். இந்தத் தடவை இறங்கியே தீரும்," என்றார் லூர்து சார், போண்டாவைச் சட்னிக்குள் மெல்ல இறக்கிக் காட்டி.

"செவ்வாயைச் சுத்தி வரதோட சரி. இறங்கறதெல்லாம் அடுத்த தடவைதான் சார்," என்றார் கலையரசன். "பந்தயம் வெச்சுக்குவோமா? ஒரு மூட்டை பெல்லாரி வெங்காயம்."

"மண்டியில முளைவிட்டதையெல்லாம் எங்க தலையில கட்டப் பாக்குறீங்க," என்றாள் பெலிண்டா.

ஸ்ரீரங்கத்தில் மகாலட்சுமி குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வானம் பார்க்கக் கூடுகிற கூட்டம் இது. ராஜகோபுரத்து விளக்கு எரிந்தால் அந்தப் பக்கத்து வானம் வெளுத்துவிடும். அதைத் திட்டிக்கொண்டே லூர்து சார் பாலக்கரையிலிருந்து தொலைநோக்கியைச் சுமந்து வருவார். இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கலையரசனுக்குக் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி. பெலிண்டா கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள்; அம்மாவின் நெடுநாள் வைத்தியத்துக்குப் பிறகு, அம்மா போனதற்கும் பிறகு, சிரிப்பதற்காகவே இங்கே வருவதாகச் சொல்வாள்.

மகாலட்சுமி தபால் ஆபீஸில் இருக்கிறாள். ஆனால் அவளுக்கு இங்கே மரியாதை அதனால் இல்லை. அவள் தம்பி வளவன் பெங்களூரில் விண்வெளி ஆய்வு நிலையத்தில் இருக்கிறான். செவ்வாய்க்கு அனுப்பப்போகும் விண்கலத்தின் வேலையில் இருக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். அது கிளம்பும் அறிவிப்பு எந்த நாளும் வரலாம் என்ற நிலையில், அவன் தும்மினால்கூட அது இந்த மாடிக்கு ஒரு துப்பு.

"தம்பி என்னம்மா சொல்றார்?" என்றார் லூர்து சார்.

"அவன் எங்க சார் சொல்றான். 'சொல்லக் கூடாதுக்கா'ன்னு அன்னிக்கு ஒரு தடவை சொன்னான். அதுக்கப்புறம் நான் கேக்கறதையே விட்டுட்டேன்."

"ஞாயித்துக்கிழமை கூப்பிடுவாரே?"

"அதுவும் நின்னு போச்சு. 'கொஞ்ச நாளைக்கு போன் எடுக்கலைன்னா தப்பா நினைக்காதேக்கா'ன்னான். குரல் ஒரு மாதிரி கம்மியிருந்துச்சு."

"ராத்திரி பகலா வேலை," என்றார் லூர்து சார் திருப்தியாக. "எழுதி வெச்சுக்குங்க. இது ஒண்ணு."

"இன்னொண்ணு சொல்லட்டுமா?" மகாலட்சுமிக்குப் பெருமை தாங்கவில்லை. "போன வாரம் அவனே மெசேஜ் போட்டுக் கேக்கறான், சக்கரத்தாழ்வார் சன்னதியில எம் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடுக்கான்னு. கோயில் வாசல்ல வளந்தும் உள்ள வரமாட்டான் அவன். அவன் கேக்கறான்."

கலையரசன் தொடையில் தட்டினார். "முடிஞ்சுது. தேதி குறிச்சாச்சு. ராக்கெட் விடறவங்க சாமி கும்பிடாம விடுவாங்களா? சார், இதோட சேர்த்து நான் ஒண்ணு வெச்சிருக்கேன். கடைசியில சொல்லலாம்னு இருந்தேன்." அவர் மகாலட்சுமி பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க தம்பி திருச்சியில இருக்கார்."

"யாரு, வளவனா? இல்லையே."

"நம்ம குழுவுக்கு வீடியோ கால்ல வந்து பாடம் எடுத்தாரே, அந்த முகம் மறக்குமா? நேத்து காலையில புத்தூர்ல பார்த்தேன். தொப்பி, மாஸ்க்கு, முழுக்கைச் சட்டை, இந்த வெயில்ல. தண்ணி குடிக்க மாஸ்க்கை இறக்கினப்போ தெரிஞ்சுக்கிட்டேன். 'வளவன் சார்'ன்னு கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தார், தலையைக் குனிஞ்சுக்கிட்டு விறுவிறுன்னு ஆட்டோவுல ஏறிட்டார்."

"மாறுவேஷம்," என்றார் லூர்து சார். கண்கள் மின்னின. "ராக்கெட் பொம்மையை ரங்கநாதர் பாதத்துல வெச்சு வாங்கிட்டுப் போக ரகசியமா வந்திருக்கார். அறிவிப்பு இந்த வாரமே."

மகாலட்சுமி சிரித்தாள். ஆனாலும் ஊருக்கு வந்தவன் வீட்டுக்கு வரவில்லையே. ஒரு வாய் காபி குடிப்பதற்குமா தடை இருக்கும்?

பெலிண்டா சிரிக்கவில்லை. போண்டாவைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"அண்ணே, புத்தூர்ல எந்த இடத்துல?"

"அந்தப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, அந்தச் சந்து முனையில."

"தொப்பிக்குக் கீழ முடி தெரிஞ்சுதா?"

"முடியா?" கலையரசன் யோசித்தார். "இல்லம்மா. மழமழன்னு இருந்துச்சு. மொட்டை போட்டிருப்பார், வேண்டுதல்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பெலிண்டாவின் முகத்தைப் பார்த்து, ஏனென்று புரியாமலே நிறுத்திக்கொண்டார். லூர்து சார் எதையும் கவனிக்காமல் தொலைநோக்கியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் தப்பா நினைக்கலாம்," என்றாள் பெலிண்டா. "ஆனா நீங்க அவருக்கு ஒரு போன் போடுங்க. இங்க வேண்டாம். கீழ போய்ப் பேசுங்க."

மகாலட்சுமி மறுநாள் காலையில்தான் போட்டாள். ராத்திரி முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் வேலையைக் கெடுக்கக் கூடாது என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருந்து இருந்து, எப்படிக் கேட்பது என்பதே அவளுக்கு மறந்திருந்தது.

"சொல்லுக்கா." அதே கம்மிய குரல்.

"எங்கப்பா இருக்க?"

"ஆபீஸ்லதான். வேற எங்க?"

அவன் குரலுக்குப் பின்னாலிருந்து ஒருவன் தொண்டை கிழியக் கத்தினான். 'உறையூர், சத்திரம், ஸ்ரீரங்கம்லாம் ஏறு, ஏறு...'

 பஸ் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது.

"பெங்களூர்ல ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ் விட்டுட்டாங்களா வளவா?"

"அக்கா..."

"எந்த மாடி? அதை மட்டும் சொல்லு."

ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தான். கழுத்தோரம் பிளாஸ்திரி. தலையில் ஒரு முடி இல்லை, புருவம்கூட உதிர்ந்திருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைத் திறக்கவில்லை.

"கழுத்துல கட்டி," என்றான் அவனே. "மருந்து ஏத்துறாங்க. இங்க தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்கார். நடுவுல எடுத்த ஸ்கேன் இன்னிக்கு வருது. மருந்து கேட்டிருக்கான்னு அதுலதான் தெரியும்."

"எத்தனை நாளா?"

"பொங்கலுக்கு முன்னாடியே."

"பொங்கலுக்குப் பேசினியேடா. சக்கரைப் பொங்கல்ல முந்திரி போட்டியான்னு கேட்டியே."

"கேட்டேன்."

"ஏன் சொல்லல?"

அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ கேக்கவே இல்லையேக்கா. ஒரு தடவை, எப்படிடா இருக்கன்னு கேட்டிருந்தா அழுதிருப்பேன். 'ஒண்ணும் சொல்ல வேண்டாம்ப்பா, எனக்குப் புரியுது'ன்னு நீயே போனை வெச்சுட்டே. நிஜமாவே புரிஞ்சுதோன்னுகூட ஒரு நாள் நினைச்சேன்."

"நீதானே சொல்லக் கூடாதுன்னே."

"அது ராக்கெட்டுக்குக்கா."

 மாடியில் பங்கு வைத்த துப்பெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றன. கம்மிய குரல். எடுக்காத போன். அர்ச்சனை. அதையெல்லாம் போண்டாவோடு பரிமாறியவள் அவள்.

"ஆபீஸ்ல தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா வீட்டுல ஓய்வெடுன்னு அன்பா அனுப்பிடுவாங்க. நல்லவங்கதான். ஆனா எட்டு வருஷம் உக்காந்து பார்த்த வேலைக்கா இது. அறிவிப்பு வரப்போ நான் அதுக்குள்ள இருக்கணும். அது வரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம்." கொஞ்சம் தயங்கினான். "அக்காவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லித்தான் லீவு போட்டுப் போட்டு வரேன்."

"எனக்கா? எனக்கு என்ன வியாதி?"

"அதை அவங்களும் கேக்கல."

"மூட்டு வலின்னாவது சொல்லியிருக்கலாம். பொய்யும் ஆயிருக்காது."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் முதுகைத் தடவினாள். சட்டைக்குள் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது.

பையில் போன் அதிர்ந்தது. லூர்து சார்தான், குழுவில். 'அம்மா, தம்பி வீட்டுக்கு வந்தாரா? ஏதாவது தெரிந்ததா? எல்லோரும் காத்திருக்கிறோம்.'

"உன் மாடிக் கூட்டமா?" என்றான் வளவன், எட்டிப் பார்க்காமலே. "அக்கா, கலையரசன் என்னைப் பார்த்துட்டார். நீ எதையாவது சொல்லப் போக, அது சுத்தி சுத்தி எங்க ஆபீஸ் வரைக்கும் போயிடும். வேண்டாம்."

அவளுக்குப் பொய் எழுத வரவில்லை. பேசாமல் விட்டாலும் அதையும் ஒரு துப்பாக எடுத்துக்கொள்வார்கள். எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாள்: 'சொல்லக் கூடாது சார்.'

கண் மூடித் திறப்பதற்குள் வரிசையாகப் பொம்மைப் படங்கள் வந்து விழுந்தன. கைதட்டல். ராக்கெட். மறுபடி ராக்கெட். கலையரசன், 'நான் சொன்னேன் பார்த்தீங்களா, இந்த வாரம்தான். ஒரு மூட்டை என் கணக்கு.' பெலிண்டா குழுவில் ஒன்றும் போடவில்லை. தனியாக ஒரு வரி அனுப்பியிருந்தாள். 'அக்கா, சாப்பாடு கொண்டு வரட்டுமா?'

எதிர் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் ஒரு பெரிய உறையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தைப் பார்த்தாள்.

"வளவன் கூட யாராவது வந்திருக்கீங்களா? டாக்டர் பேசணும்ங்கறார்."

"யாரும் வரல சிஸ்டர், நானே..." என்று அவன் எழப் போனான். போன தடவை சொன்னதையே வாய் சொல்லிவிட்டது போலிருந்தது.

மகாலட்சுமி அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். போனை அவன் மடியில், தொப்பிக்கு மேலேயே போட்டுவிட்டு எழுந்தாள்.

"நான் அவன் அக்காங்க," என்றாள் நர்ஸிடம். "எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லச் சொல்லுங்க. நான் கேக்கறேன்."